கடல் தெரியும் வளைவு

மார்ச் 3, செவ்வாய்

மழை விட்டும் மேட்டுப் பாதை இன்னும் காயவில்லை. ஈரத்தில் சைக்கிள் விட்டால் டயர் தடம் பள்ளமாகும், அடுத்த மழைக்கு அந்தப் பள்ளமே ஓடையாகிவிடும். அதனால் காலையில் நடந்தே ஏறிப் போய்ப் பார்த்தேன். நான் கட்டிய மஞ்சள் ரிப்பன்கள் செடிகளில் அப்படியே இருக்கின்றன.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு வழக்கம். புதுப் பாதைக்கு வழி பார்த்து யார் ரிப்பன் கட்டினார்களோ, பாதை திறக்கும் அன்று அவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. இத்தனை வருஷமாக மற்றவர்களின் ரிப்பனுக்குப் பின்னால் மண்வெட்டி பிடித்தேன். இது என் ரிப்பன்.

புதருக்குள் இறங்கிக்கொண்டே வந்து, பெரிய பாறையைச் சுற்றித் திரும்பினால் கடல் மொத்தமாக எதிரே விரியும் ஒரு வளைவு இருக்கிறது. அதற்காகத்தான் இந்த வழியையே பிடித்தேன். குழுவில் கேட்டபோது சரிவு, வடிகால் என்று என்னென்னவோ சொன்னேன். கடலுக்காக என்று எப்படிச் சொல்வது?

வீட்டு வாசலிலேயே கணவர் மறித்தார். "ஷூவை அங்கேயே கழட்டு. பாதி மலையை வீட்டுக்குக் கொண்டாந்துட்டே."

மார்ச் 8, ஞாயிறு

முதல் வெள்ளோட்டம். குழுவுக்குத் தலைவர் பல் டாக்டர். பாதையில் கல்லைக் கண்டால் காலால் தட்டிப் பார்த்து, "ஆடுது, பிடுங்கிடலாம்" என்பார். அவர்தான் முதலில் இறங்கினார். என் வளைவில் நேராகப் போய் முள் புதரில் விழுந்தார். பின்னால் வந்த வங்கிக்காரர் அவருக்குத் துணைக்குப் போனார்.

டாக்டர் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "வளைவு ரொம்பக் குறுகல், மேடம்." வங்கிக்காரர் பிரேக் சரியில்லை என்றார். நான் இறங்கிக் காட்டினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. பிறகு ஏன்?

மாலையில் உட்கார்ந்து வளைவை அகலப்படுத்த ஒத்துக்கொண்டேன். கொஞ்சம் வலித்தது. இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

நாள் முழுக்க மண்வெட்டி. வளைவின் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்தி, மிதித்து, தட்டி, கிண்ணத்தின் விளிம்பு மாதிரி ஆக்கினோம். இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்றார் டாக்டர். கை முழுக்கக் கொப்புளம். நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 15, ஞாயிறு

விளிம்பு கட்டியதால் எல்லாரும் இன்னும் வேகமாக வந்தார்கள். இன்னும் வேகமாக விழுந்தார்கள்.

கடைசியாக என் நாத்தனார். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கட்டுப் போடும்போதுகூட அவளுக்கு வாய் ஓயவில்லை. "மூணு வாரம் போர்டுல எழுத முடியாது அண்ணி. என் கிளாஸ் பிள்ளைங்க உங்களுக்குக் கோயில் கட்டிடுவாங்க."

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் காட்டுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு விஷயம் போய்விட்டது. சின்னப் பெண், சிரித்த முகம், பேச்சில் மட்டும் பிடி தளராது. போனில் சொன்னாள்: "அடுத்த மாசம் வந்து பாப்பேன். அந்த வளைவு இப்படியே இருந்தா மேல் பாதையை மூடிடுங்க, மேடம். பழைய உள்வழியே போதும்."

உள்வழி! மரத்துக்கு நடுவே மரம். எங்கேயாவது கடல் தெரியுமா?

மூடினால் ரிப்பனையும் நான்தான் அவிழ்க்க வேண்டும். அதுவும் வழக்கம்தான்.

மார்ச் 18, புதன்

நாத்தனாரைப் பார்க்கப் போயிருந்தேன். இடது கையால் டீ கலக்கிக் கொண்டுவந்து, பாதியைத் தட்டில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். எப்படித்தான் விழுந்தாய் என்று மறுபடி கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேடிக்கை பாத்தேன்."

"எதை?"

"என்ன அண்ணி, எதைன்னு கேக்கறீங்க? கடலை! அப்படித் திடீர்னு மூஞ்சிக்கு நேரா வந்து நின்னா, மனுஷி என்ன பண்ணுவா? நீங்க பாக்கறதில்லையா?"

யோசித்தேன். நடக்கும்போது பார்த்திருக்கிறேன். ரிப்பன் கட்டிய நாளில் அரை மணி நேரம் நின்றே பார்த்தேன். சைக்கிளில் வரும்போது — இல்லை. ஒரு தடவைகூட இல்லை. பாதை போட்டவளுக்குப் பாதையில் மண்தான் தெரியும். எங்கே அரித்திருக்கிறது, எங்கே கல் ஆடுகிறது.

மார்ச் 19, வியாழன்

கண் பரிசோதனை அறையில் என் வேலையே இதுதான். பேனாவை நோயாளியின் முகத்துக்கு முன்னால் மெல்ல நகர்த்தி, "தலையை அசைக்காம, கண்ணால மட்டும் பாருங்க" என்று சொல்வது. யாராலும் முடியாது. கண் போகிற பக்கம் தலை போகும். இன்றைக்கு வந்த பெரியவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டபடியே நின்றுவிட்டேன். அவர்தான், "என்னம்மா, எனக்கு ஏதாவது பெரிய கோளாறா?" என்று பயந்து கேட்டார்.

உங்களுக்கு இல்லை ஐயா, எனக்கு.

வளைவு குறுகலும் இல்லை, பிரேக்கிலும் பழுது இல்லை. கண் கடலுக்குப் போகிறது, கண்ணுக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் சைக்கிள். நின்றுகொண்டு ரசித்த இடத்தில், பறந்து வருகிறவர்களைத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஒரு தப்புப் பண்ண வருமா!

மார்ச் 21, சனி

குழுவில் சொன்னேன். டாக்டர் வெகுநேரம் தாடையைத் தடவினார். பிறகு, "ஆமா மேடம், நானும் கடலைத்தான் பாத்தேன்" என்றார். வங்கிக்காரர் தன் பிரேக்கைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

டாக்டர் சொன்ன வைத்தியம் சுலபமானது. "ஓரத்துல நெருக்கமா செடி நட்டுடலாம். கடல் மறைஞ்சுடும். தெரியலேன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

சரிதான். அதிகாரியும் ஒப்புக்கொள்வாள். பாதை பிழைக்கும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

கணவர் சைக்கிள் ஏறியதே இல்லாதவர். கேட்டுவிட்டு, "கடலை மறைக்கறதுக்கா ஒரு வருஷம் மண்ணு வெட்டுனே?" என்றார். அவ்வளவுதான். பேப்பரை விரித்துக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

விடிந்ததும் போனேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலைகீழாக, கீழிருந்து மேலே. அந்த வளைவை ஏறிக்கொண்டு பார்த்தால்? மெதுவாக வருவோம். ஏறும்போது எவ்வளவு வேடிக்கை பார்த்தாலும் மிஞ்சிப் போனால் காலை ஊன்றுவோம். இறக்கம் அந்தப் பக்கம், காட்டுக்குள் போகும் பழைய உள்வழியில் இருக்கட்டும். வெறும் மரம், பார்க்க ஒன்றுமில்லை, ஓட்டத்தில் மட்டும் கவனம்.

ஒரு இடம் மட்டும் ஏற முடியாத செங்குத்து. அதை வெட்டி, பாம்பு மாதிரி நெளித்து விட வேண்டும்.

மதியம் சொன்னபோது ஒரே கூச்சல். டாக்டர்: "இது பல்லைப் பிடுங்கித் தலைகீழா நடற மாதிரி இருக்கு, மேடம்." கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த நாத்தனாரே எதிர்க்கட்சி. "மூச்சு வாங்க ஏறறதுக்கா அண்ணி நான் சைக்கிள் வாங்குனேன்? இறக்கத்துக்குத்தானே வாங்குனேன்!"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "செடி நடணும்னா நடுங்க. ஆனா அந்த ரிப்பனை நான் இப்பவே அவுத்துடறேன். பாதை வேற யாரோடதோன்னு வெச்சுக்கங்க." நாற்பத்தைந்து வயதில் ஒரு வளைவுக்காகச் சண்டை.

நாத்தனார்தான் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, "சரி, செங்குத்தை எங்கேன்னு காட்டுங்க. ஒரு கையால மண்வெட்ட முடியாது, கத்திக்கிட்டு மேஸ்திரி வேலை பாக்கறேன்" என்றாள்.

மார்ச் 28, சனி

ரிப்பன் எப்போதும் ஓட்டுபவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். திசை மாறியதால் அத்தனையையும் அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டினேன். டாக்டர் உதவிக்குக் கை நீட்டி, வழக்கம் ஞாபகம் வந்து, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். கூடவே நடந்து வந்தார், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

ஏப்ரல் 4, சனி

செங்குத்து முடிந்தது. மேஸ்திரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் நிம்மதி என்று அவள் கணவர் போன் பண்ணிச் சொன்னார்.

உப்புக் காற்றில் செயின் முழுக்கத் துரு. நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டேன். எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கணவர் கண்டும் காணாமல் விட்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

அதிகாரி வந்தாள். ஏறினாள், காட்டு வழியில் இறங்கினாள். இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கும் என்றாள், நியாயம்தான். வளைவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "திறந்துடுங்க" என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ரிப்பன் அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய் நகம் உடைந்தது. சுகம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று தனியாக ஏறினேன். நாத்தனார் காட்டு இறக்கத்தில்தான் குடியிருக்கிறாள். ஏற்றத்தை இன்னும் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள்.

வளைவில் எனக்கு முன்னால் ஒரு பெண், முன்பின் தெரியாதவள், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைக் கண்டதும், "கொஞ்சம் மூச்சு வாங்குது, அதான்..." என்றாள். அவள் மூச்சு சீராகத்தான் இருந்தது.

"எனக்கும் செயின் என்னமோ சத்தம் போடுது" என்று சொல்லி இறங்கினேன்.

அவள் என் செயினைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.