கவர்மெண்ட் சாம்பார்

9-2-2000, புதன்

மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பனி. சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது. கெஸ்ட் ஹவுஸில் பதினொரு பேருக்கு டிபன். கஞ்சி 4 (உப்பில்லாமல்), பப்பாளி மட்டும் 3, பேன்கேக் 2, வேகவைத்த கேரட் 1. மாடி ரூம்காரருக்கு வெந்நீர் போதுமாம்.

பாத்திரம் கழுவும்போது ஓனரம்மா வந்து பக்கத்தில் நின்றார். செங்கம் ரோட்டிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி முப்பது ரூம் வைத்துப் புதிதாகக் கட்டுகிறார் அல்லவா, அங்கே சமையல்கட்டு முழுக்க என் பொறுப்பாம். கீழே இரண்டு ஆள். சம்பளம் இப்போது வாங்குவதைப் போல் மூன்று மடங்கு. "யோசிச்சு சொல்லு செல்வி, அவசரமில்லை." என் சோப்புக் கையிலிருந்து தட்டு நழுவியது. உடையவில்லை.

பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், வரப்பிலேயே வீட்டுக்காரர் நிற்கிறார். கையெல்லாம் சேறு. இரண்டு விரலால் ஒரு தபாலைத் தூக்கிப் பிடித்தபடி. கீழ்பென்னாத்தூர் அரசு மாணவியர் விடுதி, சமையலர் வேலை, 16ஆம் தேதி நேர்காணல்.

பத்தாவது முடித்ததும் அப்பா என்னை வேலூருக்குக் கூட்டிப்போய் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்தது. மாவட்டம் பிரிந்ததும் அட்டை இங்கே வந்தது. நான் மறந்தே போய்விட்டேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய் நின்று புதுப்பித்ததெல்லாம் இவர்தான்.

இத்தனை வருடம் ஒன்றும் இல்லை. வந்தால் ஒரே நாளில் இரண்டு.

10-2, வியாழன்

வீட்டுக்காரர் நடையே மாறிவிட்டது. கடலைக்குக் களை எடுக்க வந்தவர்களுக்கு வேலை சொல்வதை விட்டுவிட்டுப் பென்ஷன் விளக்கம்.

"அவ ரிடையர் ஆனாலும் மாசா மாசம் வந்துக்கினே இருக்கும். அவளுக்கு அப்புறம் எனக்குப் பாதி வரும்."

நான் கிணற்றடியிலிருந்து சொன்னேன்: "நான் எப்போ போவணும்னு தேதி சொல்லிடுங்க. ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

முகம் சுருங்கிவிட்டது பாவம். "அப்படிலாம் பேசாத செல்வி. நீ இல்லாம எனக்கு இன்னாத்துக்குப் பாதி." மனசு இளகிவிட்டது எனக்கு. நாலு பாத்தி தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். "பாதின்னா பஞ்சப்படியோட சேர்த்தா, இல்லாமயா?"

களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் சிரித்துச் சிரித்துக் கடலைச் செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள்.

13-2, ஞாயிறு

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தலைக்குக் குளித்தேன். வாங்க வேண்டியது: சீயக்காய், விளக்குத் திரி, கவிதாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

எழுதிப் பார்த்தால் தெளியும் என்றார்கள்.

ஓனரம்மா பக்கம் - சம்பளம் ஜாஸ்தி. சைக்கிள் தூரம். திட்டமாட்டார். புது ஃபிரிட்ஜ். ஆனால் சித்திரை வைகாசியில் ஆளே வரமாட்டார்கள், அப்போது? அவர் மூடிவிட்டால்?

கவர்மெண்ட் - சம்பளம் கம்மி. பென்ஷன். இரண்டு பஸ் மாற வேண்டும், விடியுமுன் கிளம்ப வேண்டும். யாரும் போ என்று சொல்ல முடியாது. பென்ஷன்.

கவிதா எட்டிப் பார்த்து, "அம்மா, ஒண்ணையே ரெண்டு தடவ எழுதிக்கிற" என்றாள். ஒன்பதாவது படிக்கிறாள், எல்லாவற்றிலும் தப்புக் கண்டுபிடிக்கிறாள். இரண்டாவது பென்ஷனைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். போன வருடம் கிணறு அடியோடு வற்றியபோது இவர் நாள் பூராவும் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாரே, அதை நினைத்தால் மூன்றாம் தடவையும் எழுதலாம்.

தெளியவில்லை.

16-2, புதன்

கீழ்பென்னாத்தூர் போய் வந்தாயிற்று. மானம் போய் வந்தாயிற்று.

என்னோடு ஐந்து பெண்கள். அதிகாரி ஒருவர், வார்டன் அம்மா ஒருவர். சான்றிதழ் பார்த்தார்கள். பிறகு, சமைத்தும் காட்டுங்கள் என்று ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்திக்குச் சாதம், ஒருத்திக்குப் பொரியல், இப்படி. எனக்குச் சாம்பார். அறுபது பிள்ளைகளுக்கு. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சாம்பார் ஒரு பரீட்சையா?

பருப்பு நன்றாகக் குழைந்தது. முருங்கைக்காய் உடையாமல் நின்றது. வாசனைகூட வந்தது. அதிகாரி கரண்டியில் வாங்கி வாயில் விட்டார். இன்னொரு தடவை விட்டார். சுற்றிலும் பார்த்தார்.

"ஏம்மா, இங்க யாருக்கு உடம்பு சரியில்ல?"

அப்போதுதான் நானும் எடுத்து வாயில் விட்டேன். மிளகாய்த்தூள் என்ற ஒன்றே அதில் இல்லாத மாதிரி. போட்டேன், சத்தியமாகப் போட்டேன். இத்தனை வருடம் வெள்ளைக்காரர்களுக்கு நோ சில்லி, நோ ஆயில், நோ சால்ட் என்று போட்டுப் போட்டு, என் கை அந்த அளவிலேயே நின்றுவிட்டிருக்கிறது. புளியும் அப்படியே. அறுபது பேருக்கு நோயாளிச் சாம்பார்.

அதற்குள் ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இனி என்ன செய்ய. ஊற்றினேன். ரெட்டைச் சடை போட்ட ஒன்று தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. "அக்கா, இது பருப்பா, சாம்பாரா?" அது எழுந்து ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்தது. பாட்டில் வரிசையில் கை மாறிப் போனது. பிசைந்தார்கள், அப்படிப் பிசைந்தார்கள். இரண்டாம் தடவை சோறு, மூன்றாம் தடவை சோறு. கடைசியில் ஒன்று வந்து அண்டாவைச் சாய்த்து வழித்துக்கொண்டு போனது.

அண்டா வழிக்கும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. என் மானம் போனதையே கொஞ்ச நேரம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது "யாருக்கு உடம்பு சரியில்ல" நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்துச் சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலை போனது என்று வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் போட்டார். பிறகு, "சரி வுடு. அந்த ஆபீசருக்கு நாக்கு செத்துப் போச்சு" என்றார்.

17-2, வியாழன்

ஓனரம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். காபி போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷி. சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

19-2, சனி. பௌர்ணமி

கிரிவலக் கூட்டம் மத்தியானத்திலிருந்தே. எப்போதும் போல் வீட்டு வாசலில் சுண்டல் போட்டோம். பாதையோரம் வீடு இருப்பதற்கு அதுதான் வரும்படி. இந்த முறை இவர் ஒரு வேலை செய்தார். "வாங்க வாங்க, கவர்மெண்ட் சமையல்காரி கையால போட்ட சுண்டல்" என்று கூவல். நான் இழுத்து உட்காரவைத்தேன்.

"அந்த வேலதான் போச்சுன்னு சொன்னேனே."

"கூப்டாங்க இல்ல? கூப்டதே பெரிசு."

நடந்து வந்தவர்கள் நின்றபடியே வாங்கித் தின்றார்கள். காரம் தூக்கலாகப் போட்டிருந்தேன், வேண்டுமென்றே. உஸ் உஸ் என்று இன்னொரு பொட்டலம் கேட்டார்கள். அந்த உஸ் உஸ் எனக்கு என்னவோ ஒரு தெம்பு.

10-3, வெள்ளி

வேலை உத்தரவு வந்துவிட்டது. எனக்கு. இரண்டு தடவை படித்தேன், கவிதாவை விட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னேன். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

தபால்காரர் சொன்னார்: "பதிவு மூப்புப்படிதாம்மா எடுப்பாங்க. சமைக்கச் சொல்றது, அடுப்பு பத்தவெக்கத் தெரியுமான்னு பாக்கறதுக்கு."

இப்போது என்ன செய்வது. ஓனரம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. புதுச் சமையல்கட்டுக்கு டைல்ஸ்கூட என்னைக் கேட்டுத்தான் ஒட்டுகிறார்.

11-3, சனி

சண்டை. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, இவர் அதற்குள் ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கோயில் குருக்கள் வரைக்கும்.

"யாரக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"திருப்பி வாங்கிக்கினு வரட்டுமா? பாதி பேரு முழுங்கிட்டாங்களே."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபம் நிஜம். இரண்டு பஸ் மாறி நான் வேலைக்குப் போக வேண்டும், நான் கரண்டி பிடிக்க வேண்டும், மிட்டாய் இவர் கொடுப்பாராம். சொல்லிவிட்டேன் அப்படியே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உனுக்கு எது புடிக்குதோ அதுக்குப் போ. பென்ஷன் இல்லாமதான் எங்கப்பன் இருந்தான், அவங்கப்பன் இருந்தான். நானும் இருந்துக்குவேன். மிட்டாய்க்குக் காரணம் கேட்டா, கவிதா பெரிய பரீட்ச பாஸுன்னு சொல்லிடறேன்."

கவிதாவுக்கு இன்னும் பரீட்சையே வரவில்லை.

அட்டையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை போய் வெயிலில் நின்ற மனுஷன். இப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். அழுகை வந்தது. அழுதேன்.

12-3, ஞாயிறு

டிபன் 9. கஞ்சி 5, பழம் 3, ஒருவர் விரதம்.

மாடி ரூம்காரர் இன்று ஊருக்குக் கிளம்பினார். மூன்று மாதம் என் கையால் சாப்பிட்டவர், தங்கமான மனிதர். சமையல்கட்டு வரைக்கும் வந்து கைகூப்பி ஏதோ நீளமாகச் சொன்னார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது, ஓனரம்மா தமிழில் சொன்னார்: "உலகம் பூரா சுத்தியிருக்காராம். உன் சாப்பாடு மாதிரி எங்கேயும் இல்லையாம். அவ்வளவு லேசாம். சாப்பிட்ட மாதிரியே தெரியாதாம்."

நானும் கைகூப்பினேன். அவர் போனதும் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சாப்பிட்ட மாதிரியே தெரியாதாம். ஒரு சமையல்காரிக்கு இப்படி ஒரு பாராட்டு. நிஜமாகவே பாராட்டுத்தான் அது, மனசாரச் சொன்னார். ஆனால் சிரித்து முடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குச் சாப்பிடுகிறவர்கள் வேண்டும்.

பென்ஷனுக்காக என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும். அதுவும் பொய்யில்லை. எனக்கும் அது வேண்டும்தான்.

13-3, திங்கள்

ஓனரம்மாவிடம் சொல்லப் போகும்போது சைக்கிளை மெதுவாகத்தான் மிதித்தேன். வாக்குத் தவறுகிறேனே என்று. அவர் உத்தரவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"நான் இன்னும் கூட்டிக் கொடுத்தாலும் இருக்கமாட்டே, இல்ல?"

"இல்லம்மா."

"போ. நல்லா இரு. இவங்க எல்லாம் டயட்ல இருக்கிறவங்க, இவங்களுக்கு யாரு வேணா வேகவெச்சுப் போடலாம். ஆனா அந்த பேன்கேக் மாவு எப்படிக் கரைக்கிறதுன்னு உதவிக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணுக்குக் காட்டிட்டுப் போ."

காட்டினேன். மூன்று தடவை கருக்கினாள். நாலாவது வந்தது. மீந்ததையெல்லாம் நாங்கள் மூன்று பேரும் சர்க்கரை தொட்டுத் தின்றோம்.

16-3, வியாழன்

நாலரைக்கு எழுந்தேன். இவர் டார்ச் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "டியூட்டிக்குப் போவுது."

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார் வார்டன் அம்மா. பெரிதாகப் போட்டுவிட்டேன், அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. "பரவாயில்ல, நாளையிலேருந்து சின்னதாப் போடு."

காலை பொங்கல். மத்தியானம் சாதம், காரக்குழம்பு, கோஸ் பொரியல். அறுபது தட்டு. உப்புச் சரி, காரம் சரி, ஒரு கை கூடத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றார்கள். முதுகு விட்டுப்போய்விட்டது, காலில் அடுப்புப் பொறி பட்டு ஒரு கொப்புளம். அரிசி கழுவுகிற இடம் வழுக்குகிறது, சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

தட்டு கழுவ வரிசையில் நின்றதில் ஒரு பொடிசு என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"அக்கா, நாளைக்கு இன்னா?"

கெஸ்ட் ஹவுஸில் ஒருவரும் கேட்டதில்லை இதை.

"உப்புமா" என்றேன்.

வரிசை மொத்தமும் ஒரே குரலில், "அய்யோக்கா."