தம்பி கொண்டுவந்த புல்வெட்டி வண்டி

ஜூன் 8, 2009 – திங்கள்

வெயில் குறையவே இல்ல. ராத்திரி ரெண்டு தடவை கரண்ட் போச்சு. தூக்கம் அரைகுறை. இந்த வருஷமும் எனக்குப் பாடம் எடுக்க மூணாம் கிளாஸ்தான் குடுத்திருக்காங்க.

ஸ்கூல் விட்டு வந்தா வாசல்ல குட்டியானை வண்டி. தம்பி பிரகாஷ். சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபத்துத் தோட்டத்தை இவன்தான் பாத்துக்கறான். ஓனர் சென்னையில செகண்ட் ஹேண்டா வாங்கிப் போட்ட புல்வெட்டி. சின்ன டிராக்டர் மாதிரி, சீட்ல உக்காந்து ஓட்டறது. சாவி போட்டா 'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி. சிதம்பரத்துல ரெண்டு மெக்கானிக் பாத்துட்டு, பழக்கமில்லாத வண்டின்னு கைவிட்டுட்டாங்களாம்.

"மாமா பாக்கட்டும்க்கா."

"மாமா எப்படிடா பாப்பாரு?"

ஒரு பலாப்பழத்தை உள்ள கொண்டுபோய் வச்சான். வீட்டுக்காரருக்குச் சுகர். யார் தின்னறது?

போன வருஷம் பக்கவாதம் வந்ததுல இருந்து இவருக்கு வலது கை வராது. நினைக்கறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. தண்ணி கேக்கணும்னா 'செருப்பு'ம்பார். இருபது வருஷம் ஆட்டோ எலக்ட்ரீஷியனா இருந்த மனுஷன். வண்டி இறங்கினதுல இருந்து ஜன்னலை விட்டு நகரல.

ஜூன் 10, புதன்

புழுக்கம். முதுகு வலி.

இவரை வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சேன். இடது கையில டெஸ்ட் லேம்ப். விரலை நீட்டி நீட்டிக் காட்டறார், நான் கழட்டறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியல. பக்கத்து வீட்டம்மா மாடியில இருந்து, "டீச்சர், இந்த வேலை வேறயா உங்களுக்கு?"

பேட்டரி நல்லாதான் இருக்கு, லேம்ப் பளிச்சுன்னு எரியுது. எர்த் கேபிளை வண்டிச் சட்டத்துல முறுக்கின இடத்துல ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு திருப்பி முறுக்கினேன். சீட்ல ஏறி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு சாவி போட்டா இன்ஜின் சுத்திப் பிடிச்சுக்கிச்சு. எனக்கே ஆச்சரியம்.

இவர் முகத்தைப் பாக்கல. பாத்தா அழுகை வரும்.

பிரேக்ல இருந்து காலை எடுத்தேன், நின்னுடுச்சு. மறுபடி போட்டேன். மிதிச்சிருக்கற வரைக்கும் ஓடுது, எடுத்தா நிக்குது. அஞ்சாறு தடவை. அப்புறம் சாதம் வடிக்கப் போயிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

காலையில இருந்து 'சீட்டு, சீட்டு'ங்கறார். ஆஸ்பத்திரி சீட்டுன்னு நினைச்சு பீரோல தேடி எடுத்துக் குடுத்தேன். வீசி எறிஞ்சார். மாத்திரைச் சீட்டு? அதுவும் இல்ல. "பின்ன எந்தச் சீட்டுங்க? ஏலச் சீட்டா?" குரல் ஒசந்துடுச்சு. கண்ணை மூடிக்கிட்டார். ஸ்கூலுக்கு லேட்.

சாயந்திரம் மழை வர்ற மாதிரி கறுத்துது, வரல. படுத்தாச்சு.

ஜூன் 12, வெள்ளி

மூணாவது பீரியட். பெருக்கல் போட்டுக்கிட்டிருக்கேன், ஒரு பொண்ணு எந்திரிச்சு, "மிஸ், என் சீட்ல இவ உக்காந்துட்டா."

சாக்பீஸ் கையிலயே நின்னுபோச்சு.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாத்தல. வண்டி சீட்டைத் தூக்கிப் பாத்தா, அடியில பட்டன் மாதிரி ஒரு சுவிட்ச். ஆள் உக்காந்தா அமுங்கணும். உள்ளயே துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. ஆள் இருக்கறதே வண்டிக்குத் தெரியல, அதான் காலை எடுத்ததும் நிக்குது. இவர்கிட்ட போய், "இதுவா? இந்தச் சீட்டா?"ன்னேன். தலையைத் தலையை ஆட்டறார். "ஆமா"ன்னு சொல்ல வந்து "நாளைக்கு"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம். எத்தனை மாசம் ஆச்சோ.

ஜூன் 13, சனி

பிரகாஷ் வந்தான். சுவிட்ச் ஒயர் ரெண்டையும் சேத்து முறுக்கிட்டான். வண்டி நிக்காம ஓடுது.

"முடிஞ்சுதுக்கா. இப்படியே ஏத்திக்கிறேன்."

இவர் நாற்காலியில இருந்து தானா எந்திரிச்சுட்டார். தடுமாறிப் போய் இன்ஜினை ஆஃப் பண்ணி, ஒயரைப் பிடுங்கிட்டார். தன் காலைத் தொட்டு, கையால வெட்டற மாதிரி காட்டினார். ஓட்டறவன் தவறி விழுந்தாலும் பிளேடு சுத்திக்கிட்டே இருக்கும்ங்கறார். பிரகாஷுக்குப் புரிஞ்சுது. "நான்தான மாமா ஓட்டறேன்"ன்னு முனகினான்.

அந்த மாதிரி சுவிட்ச் இங்க கடலூர்ல கிடைக்காது. இவர் தெருப்பக்கம் கை காட்டினார். கடைக்குப் போகணுமாம்.

ஓல்டு டவுன்ல இவர் கடை. உடம்புக்கு வந்ததுல இருந்து பூட்டிக் கெடக்கு. ஆட்டோ வச்சுப் போனோம். கடையைக் காலி பண்றேன்னு கட்டிட ஓனர்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். செல்போன் கடை வருது. இவர்கிட்ட சொல்லல. நல்ல நேரம் பாத்து, உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு தள்ளித் தள்ளி.

ஷட்டரைத் தூக்கினேன். எலி நாத்தம், ஒட்டடை. இவர் நேரா மூணாவது தட்டுக்குப் போய், ஒரு பழைய டப்பாவை இடது கையால கவுத்தார். பல்பு, பியூஸ், ஒயர் துண்டு. ஏதோ ஒரு கார் ஹார்ன் சுவிட்சை எடுத்து, விரலால அமுக்கி அமுக்கிப் பாக்கறார். திருப்தி.

அப்பதான் எதிர் டயர் கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷன். "வாங்கண்ணே, பாத்து எவ்ளோ நாளாச்சு. மாசக் கடைசியில காலி பண்றீங்களாமே, மனசே கேக்கலண்ணே."

இவர் என்னைப் பாத்தார். கோவம் இல்ல. அதான் தாங்க முடியல.

ராத்திரி சாப்பிடல.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச்ல பூசைக்குப் போகல. பேசிக்கல. மாத்திரை குடுத்தா வாங்கிக்கறார். துணி துவைச்சேன், மாவு அரைச்சேன், மாவு அரைக்கறப்ப கரண்ட் போச்சு.

சாயந்திரம் தானா வாசலுக்குப் போய் உக்காந்தார். சுவிட்ச் மடியில. நானும் ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போனேன். தகடுல புது ஓட்டை போட்டு மாட்டணும். நான் டிரில் பிடிக்க, இவர் என் மணிக்கட்டைப் பிடிச்சுச் சாய்வைத் திருத்தினார். சரியா உக்காந்துது.

ஜூன் 17, புதன்

தலைவலி. நோட்டு திருத்தல.

வண்டி ஓடுது, ஆனா பேட்டரி ஏறல. பேட்டரிக்கு சார்ஜ் அனுப்பற ரெகுலேட்டரைக் காட்டினார். அதோட பாடி பெயின்ட் மேல உக்காந்திருக்கு, எர்த் பிடிக்கல. யாரோ பெயின்ட் அடிச்சு வித்திருக்கான். சுரண்டிட்டு முறுக்கினோம். சரியாச்சு.

ஜூன் 21, ஞாயிறு

சிதம்பரம். குட்டியானையில முன்னாடி மூணு பேரும் நெருக்கி. பின்னாடி வண்டி. ஒரே அனல் காத்து.

மண்டபத்துல அன்னிக்கு விசேஷம் இல்ல. முழங்கால் உயரத்துக்குப் புல். பிரகாஷ் ஏறப் போனான். இவர் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு தானே ஏறப் பாத்தார். நான் வேணாம்னேன். என் கையைத் தள்ளிட்டார். ரெண்டு பேருமா ஏத்தி உக்கார வச்சோம். இடது கையில ஸ்டியரிங். பக்கத்துலயே பிரகாஷ் நடக்கறான். போனது கோணல் மாணலா, ஆனா போச்சு. மதில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் புல்லு.

பிளேடை நிறுத்தாமலே சீட்ல இருந்து வேணும்னே எந்திரிச்சார். இன்ஜின் சட்டுனு நின்னுது.

"சரி மாமா, சரி. ஒத்துக்கறேன்"னான் பிரகாஷ்.

திரும்பி வர்றப்ப சொல்லிட்டேன். "கடையை நான்தான் விட்டேன். உங்ககிட்ட கேட்டிருக்கணும். பயந்துட்டேன். வீட்டுச் செலவு, கடை வாடகை ரெண்டையும் என்னால இழுக்க முடியலங்க." பிரகாஷ் ரோட்டைப் பாத்துக்கிட்டே ஓட்டறான். இவர் சட்டையில ஒட்டியிருந்த புல்லைத் தட்டி விட்டார். அப்புறம் "மண்ணெண்ணெய்"ன்னார். என்ன சொல்ல வந்தாரோ. திருப்பிக் கேக்கல. இவர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன், பரங்கிப்பேட்டை கிராஸ்கூடத் தெரியல.

ஜூன் 30, செவ்வாய்

லீவு சொல்லியாச்சு. கடை காலி பண்ணினோம்.

எது எதுன்னு இவர்தான் காட்டினார். இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸ், எதிர் டயர் கடைக்காரருக்கு. ஒயர் சுருளெல்லாம் பழைய இரும்புக்கு. வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டி. காலண்டரை நான் கழட்டப் போனேன், கெடக்கட்டும்னு கை காட்டினார்.

ஷட்டரை தானே இழுப்பேன்னு நின்னார். பாதியில சிக்கிக்கிச்சு. டயர் கடைக்காரர் ஓடி வந்தார், அவரை வேணாம்னுட்டார். என்னைப் பாத்தார். நானும் பிடிச்சேன். இறங்கிடுச்சு. பூட்டு போட்டு, ஓனர் பையன் கையில சாவியை அவரே குடுத்தார்.

"போலாம்"ன்னார்.

சரியான வார்த்தைதான்.

வந்து ரசம் மட்டும் வச்சேன்.