யசிந்தாவை அறையில் வைத்து அடைத்தது

மாசி 22, விபூதிப் புதன்

விடியவே காத்து. வீட்டு வாசல் முத்தம் முழுக்கக் கழுதைச் சாணி, நான்தான் கூட்டி அள்ளினன். ஒருசந்தி. மத்தியானம் கஞ்சி மட்டும்.

காலமைச் செபம் முடிய யசிந்தா சொன்னாள், தான் அடைபடப் போறாளாம்.

சலோமியக்கா கன்னியர் மடத்தில இருந்த காலம் புத்தகத்தில வாசிச்சுச் சொன்ன விசயம். எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தி, ஐரோப்பாவில, சில பெண்கள் கோயிலோட ஒட்டின அறைக்குள்ள போய், வாசலைக் கல்லு வைச்சுக் கட்டச் சொல்லிப்போட்டு, சாகுமட்டும் உள்ளுக்கிருந்து செபிச்சவையாம். சாப்பாட்டுக்கு ஒரு யன்னல்.

இந்த வீடே அந்தக் காலத்துப் பழக்கந்தான். மடமில்லை, வார்த்தைப்பாடில்லை. பெண்கள் தாங்களாச் சேர்ந்து இருந்து, கையால உழைச்சு, நேரத்துக்கு நேரம் செபிக்கிறது. சண்டை முடிஞ்சு போக இடமில்லாம நிண்ட எங்களைச் சேர்த்தது சலோமியக்கா. பிலோமினாக்கா, கருவாடு விக்கிற விதவை. யசிந்தா, ஆமியிட்டச் சரணடையப் போன புருசன் திரும்பி வராதவள். நான், இந்தியா முகாமில இருந்து வந்து, வீடிருந்த இடத்தில பத்தைக் காட்டைக் கண்டவள். பள்ளிமுனை ஊர் ஆக்கள் எங்களை 'அரைச் சிஸ்டர்மார்' எண்டுவினம். சொல்லட்டும்.

ஆனா இது வேற. யசிந்தாவுக்கு முப்பதுதான்.

மாசி 25, சனி

அடைச்சாச்சு.

பங்குச் சுவாமி வரேல்ல. "இதுக்கு நான் வரமாட்டன், சலோமி. பிள்ளையை டொக்டரிட்டக் காட்டுங்கோ." சலோமியக்கா தானே வாசிச்சா. செத்தவைக்குச் சொல்லுற செபம், உயிரோட நிக்கிறவளுக்கு முன்னால. தலையில ஒரு பிடி மண். யசிந்தா சிரிச்சாள். இந்த வீட்டுக்கு வந்ததுக்கு அவள் சிரிச்சு இண்டைக்குத்தான் கண்டன்.

மேசன் மாட்டன் எண்டிட்டான். பிலோமினாக்கா கலவை குழைக்க நான் அறை வாசலில புளொக் கல்லு வைச்சன். வரி கோணல். முத்தப் பக்கம் சின்ன யன்னல், கோப்பை நுழையிற அளவு. பின்பக்கம் கக்கூசு, தண்ணிப் பைப்.

பின்னேரம் அவளின்ர தாய் அடம்பனில இருந்து ஓடி வந்தா. ஆரோ சொல்லியிருக்கினம். நாங்கள் சொல்லேல்ல.

"முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள இருந்து மீண்டு வந்த பிள்ளை. அவளை நீங்கள் சுவருக்குள்ள வைச்சுக் கட்டிப்போட்டியளோ? நீங்களும் பெண்டுகளோ?"

உள்ளுக்கிருந்து யசிந்தா: "அம்மா, போங்கோ. பஸ் போயிடும்."

மாசி 29, புதன்

கை முழுக்கச் சீமெந்து வெடிப்பு. தையலுக்கு ஊசி பிடிக்க ஏலாது. பள்ளிக்கூடச் சட்டையள் அப்பிடியே கிடக்கு.

செய்தி பரவியிட்டுது. தலைமன்னாரில இருந்து ஒரு தாய், காணாமப் போன மகன்ர படத்தோட. யன்னலால நீட்டினா. யசிந்தா கை நீட்டேல்ல. "அம்மா, பேரை மட்டும் சொல்லுங்கோ. படம் பாக்க என்னால ஏலாது."

சலோமியக்காவுக்குச் சந்தோசம். "பாத்தியே எமிலி, அந்தக் காலத்திலயும் இப்பிடித்தான் சனம் யன்னலைத் தேடி வந்தது."

எனக்குச் செபம் வருதில்லை. வாய் சொல்லுது, அவ்வளவுதான். இதை ஆரிட்டச் சொல்ல.

பங்குனி 6, செவ்வாய்

வெக்கை. ஓட்டுக்குக் கீழ அந்த அறை பாண் போறணை மாதிரித்தான் இருக்கும். சோத்துக் கோப்பை இண்டைக்கும் தொடாமத் திரும்பி வந்திது. செபத்துக்குச் சத்தமில்லை. கூப்பிட்டன். தவண்டு யன்னலுக்கு வந்தாள். கையை விட்டு நெத்தியைத் தொட்டன். கொதிக்குது.

சலோமியக்காவிட்ட ஓடினன். அவ குசினியில பருப்பு அரிச்சுக்கொண்டு இருந்தா.

"அக்கா, திறப்பம்."

"அவள் கடவுளுக்குக் குடுத்த வாக்கு எமிலி. திறக்க எனக்கும் உரிமையில்லை, உனக்கும் இல்லை. பனடோல் குளிசை குடு."

"செத்தால்?"

அரிச்சுக்கொண்டே இருந்தா. "நாங்கள் எல்லாரும் எப்பவோ செத்த ஆக்கள்தானே."

கோபத்தில சொன்னதெண்டால் தாங்கியிருப்பன். சும்மா, விலை சொல்லுற மாதிரிச் சொன்னா.

பங்குனி 7, புதன்

காலமை நான்தான் உடைச்சன். அலவாங்கு பக்கத்து மீன் வாடியில இரவல் வாங்கினது. கோணல் வரி லேசா விட்டுக் குடுத்திது. சலோமியக்கா தடுக்கேல்ல. கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தா. பிலோமினாக்கா தூக்க வந்தா. யசிந்தா எலும்பும் தோலும், பாரமேயில்லை. ஓட்டோவில ஆசுப்பத்திரி.

டெங்கு எண்டினம். ஒரு நாள் பிந்தியிருந்தால் கதை வேறயாம்.

பங்குனி 9, வெள்ளி

ஆசுப்பத்திரி வாட்டுக்கு இளநி கொண்டுபோனன். கண் முழிச்சிருந்தாள். சேலைன் ஏறுது. தாய் போத்தலில தண்ணி எடுக்கப் போயிருந்தா.

"ஏனக்கா திறந்தனீங்கள்?"

"செத்திருப்பாயடி."

"அதுக்குள்ள மட்டுந்தான் நான் ஆரையும் தேடேல்ல. விளங்குதோ? தெருவில சனத்தின்ர முகத்தைப் பாக்கேல்ல. பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாக்கேல்ல. திரும்பவும் என்னை விட்டிட்டியள், போய்த் தேடு எண்டு."

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டாள். இளநியை மேசையில வைச்சிட்டு வந்தன்.

பங்குனி 14, புதன்

பிலோமினாக்கா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. "இனி என்னால முட்டுக்காலில இருக்க ஏலாது பிள்ளை" எண்டா. முழங்காலைச் சொல்லேல்ல எண்டு தெரியும்.

சலோமியக்கா இருக்கிறா. என்னோட கதையில்லை. தன்ர பாட்டில செபம், தன்ர பாட்டில சாப்பாடு. ஒரு நேரம் எனக்கும் தேத்தண்ணி ஊத்தி வைச்சா. குடிச்சன். அழுகை வந்திது.

நான் செய்தது சரியெண்டு நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொள்ளுறன். உதவேல்ல.

பங்குனி 22, வியாழன்

முதல் பஸ்ஸிலயே யசிந்தாவின்ர தாய் வந்தா. முத்தத்திலயே நிண்டா.

"ஆசுப்பத்திரியால கூட்டி வந்த பிள்ளை, வீட்டறைக்குள்ள பூந்து உள்ளால கொண்டி போட்டிட்டாள். யன்னலையும் சாத்திப்போட்டாள். அண்டைக்கு ஏசினதை மனசில வைக்காதேங்கோ. நீங்கள் வந்து கதைச்சால் திறப்பாளோ?"

போனன். சலோமியக்காவையும் கூப்பிட்டன். அவ வரேல்ல.

மத்தியானம் வரைக்கும் அந்தக் கதவுக்கு வெளியில நிலத்தில இருந்தன். பஸ்ஸில வரேக்க நிறைய யோசிச்சு வைச்சனான். கடைசியில, "சாப்பிட்டனியோ?" எண்டு கேட்டன்.

உள்ளுக்கிருந்து, "ஓம்."

தாயைப் பாத்தன். இல்லையெண்டு தலையாட்டினா.