கூரைத் தண்ணீருக்கு ஒரு கையெழுத்து

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் என் பேச்சைக் கேட்காதது போலவே. போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளைப் பிடித்தாள் என்று நினைக்காதே, இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது, அதில் உன் கையெழுத்து வேண்டும். போனில் கேட்டதற்கு நீ ஒரு பதில் சொன்னாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நம் கடைத்தெருவின் மழைத்தண்ணீர்க் கூத்தில் உனக்குத் தெரிந்தது பாதிதான். துணிக்கடைக்காரர் வாசற்படியை ஒரு சாண் உயர்த்தினார், தண்ணீர் மருந்துக்கடைக்குள் போயிற்று. மருந்துக்கடைக்காரர் விடுவாரா, அவர் ஒரு முழம் உயர்த்தினார், இப்போது தலைவலி மாத்திரைக்கு வருகிறவர்கள் படியேறி முடித்ததும் மூட்டுவலிக்கும் சேர்த்து வாங்கிப் போகிறார்கள். பிறகு எல்லோரும் காசு போட்டு ஒரு பம்பு வாங்கித் தண்ணீரைப் பின்தெருவுக்கு இறைத்தோம், பின்தெருக்காரர்கள் அதைவிடப் பெரிய பம்பு வாங்கி நமக்கே திருப்பி இறைத்தார்கள். ஒரே தண்ணீரை இரண்டு தெருவும் டீசல் ஊற்றி மாற்றி மாற்றி உபசரித்துக்கொண்ட புத்திசாலிகள் உலகத்தில் வேறெங்காவது உண்டா? கால்வாய் என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தூர்வார மட்டும் எவரிடமும் சல்லிக்காசு கிடையாது.

இந்த லட்சணத்தில் நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். வியாபாரிகள் சங்கக் கூடத்து மேசையில், வானத்திலிருந்து எடுத்த தெருவின் படத்தை விரித்தாள். யாருடைய கூரையும் சிமெண்ட் தரையும் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கட்டணம், அந்தப் பணம் கால்வாயைப் பெரிதாக்கவும் தூர்வாரவும் மட்டுமே, சிமெண்டைப் பெயர்த்து மண்ணாக விடுகிறவர்களுக்குத் தள்ளுபடி. இதைவிட நேரான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய அலுவலகத்தில் எந்த மேதையோ நோட்டீஸில் ‘மழை வரி’ என்று அச்சடித்துத் தொலைத்திருந்தான். துணிக்கடைக்காரர் எழுந்து, “நாளைக்கு வெயிலுக்கு வரி, அப்புறம் விடுற மூச்சுக்கு வரியா?” என்றார், கூட்டமே கைதட்டியது. டீக்கடைக்கார அம்மாள் மட்டும், “ஏங்க, என் கூரை ஒரு போர்வை அகலம், உங்க மாடி ஒரு மைதானம். பம்புக்கு உங்க பங்குதான் என் பங்கும்னு வாங்குனப்ப இந்த ரோஷம் எங்க போச்சு?” என்று கேட்டாள். அதற்குக் கைதட்ட ஆளில்லை. நான் எழுந்து, “குப்பை அள்ளக் காசு குடுக்கிறோம், அதைக் குப்பை வரின்னு அழறோமா? நம்ம இடத்துத் தண்ணியை வெளிய கொண்டுபோற கூலி இது. வடிகால் கூலின்னு அடிச்சு எடுத்துட்டு வாம்மா” என்றேன். அடுத்த வாரமே அப்படி வந்தது. தொகையில் ஒரு காசு குறையவில்லை, கைதட்டியவர்களில் பாதிப் பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். சரக்கு அதேதான், மேலட்டைதான் வேறு. முப்பது வருஷமாக நோட்டுப் புத்தகம் விற்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா.

துணிக்கடைக்காரர் செய்ததையும் கேள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, சிமெண்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இரண்டு வண்டி மண்ணைக் கொட்டிச் செடி நட்டார். அந்தப் பொறியாளர் பெண் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தாள், ‘டக்’கென்றது. ஒரே மழையில் மண் அத்தனையும் கரைந்து வந்து இருந்த கால்வாயையும் அடைத்துவிட்டது. இதுதான் நம் தெருவின் பெரிய மனிதர்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நீ போனில், “நம்ம இடம் மேடும்மா, தண்ணி நிக்கறதே இல்ல, நாம எதுக்குக் கட்டணும்?” என்றாயே, படித்தவன் பேசுகிற பேச்சா அது? நம்மிடம் நிற்காத தண்ணீர் என்ன, ஆவியாகியா போகிறது? நம் நோட்டுப் புத்தகக் கிடங்கு முற்றத்துக்கு நான் சிமெண்ட் போட்ட வருஷத்திலிருந்துதான் தெருக்கோடியில் உன் சித்தியின் தையல்கடைக்குள் முழங்கால் தண்ணீர். அந்தப் பெண் விரித்த படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளத்தில் கடை பிடித்தாயே என்று இத்தனை நாளும் அவளைத்தான் ஏசினேன், என்னைப் போல ஒரு முட்டாள் இருக்க முடியாது. மூன்று மெஷின் மோட்டார் போய்விட்டது. இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் கடையை மூடிவிடுவேன் என்கிறாள். உன் முற்றத்துத் தண்ணீர்தானக்கா என்று ஒரு நாளும் என்னைப் பார்த்து அவள் சொன்னதில்லை. முற்றத்தைப் பெயர்க்க ஆள் விட்டுவிட்டேன், ஆனால் கிடங்குக் கூரைத் தண்ணீர் போகக் கால்வாய்தான் வேண்டும். முப்பத்தாறு உரிமையாளர்களில் இருபத்தேழு பேர் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும், இருபத்தாறு சேர்ந்துவிட்டது, உன்னைத் தவிர மிச்சம் இருக்கிறவர்கள் அசைய மாட்டார்கள். கிடங்கு உன் பேரில் இருக்கிறது. என் பேரில் இருந்திருந்தால் உன்னைக் கெஞ்சிக்கொண்டிருக்க மாட்டேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் நல்லபடியாக வாழுங்கள். குழந்தைக்கு என் முத்தம். படிவம் இந்த மாதக் கடைசிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அதை எனக்கு அனுப்பாதே. உன் சித்தியின் கடை முகவரிக்கு அனுப்பு, காரணத்தையும் உன் கையாலேயே அவளுக்கு எழுதிவிடு.

உன் அம்மா