நெருங்கிய உறவு: உண்டு

மார்ச் 3, திங்கள்

சமரச மையத்திலிருந்து மறுபடி ஃபோன். புதிய நடுவர் பட்டியல் அச்சுக்குப் போகிறதாம். எல்லோரும் பணிப் பின்னணி கொடுத்தாயிற்று, நான்தான் பாக்கி. இருநூறு சொல். அடுத்தவர் சண்டைக்கு இருபது பக்கம் தீர்ப்பு எழுதுகிறவளுக்குத் தன்னைப் பற்றி இருநூறு சொல் வரமாட்டேன் என்கிறது.

இதுவரை எழுதியது: தொழிலாளர் நீதிமன்றத்தில் எழுத்தராக ஆறு வருடம். பிறகு சட்டப் படிப்பு. இருபத்துநான்கு வருடமாகச் சமரசப் பேச்சும் நடுவர் வேலையும். சமரசத்தில் அவர்களைப் பேசவைத்து அவர்களையே முடிவெடுக்க வைப்பேன். நடுவராக உட்கார்ந்தால் தீர்ப்பு என்னுடையது. அறுநூறு வழக்குக்கு மேல். அடுக்குமாடிச் சண்டை, கூட்டாளிச் சண்டை, ஒருமுறை கலைந்துபோன இசைக்குழுவின் டிரம்ஸ் யாருக்கு என்று ஒரு சண்டை. ‘தனிச்சிறப்பு’ என்ற இடத்தில் ‘எந்தப் பக்கமும் சாயாதவர்’ என்று போட்டேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதுக்கு மட்டும் நான் சாட்சி சொல்றேன். ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டா, சுவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்பே நீ.”

சிரித்தேன். அவர் போனதும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பின்னணி அனுப்பியாகிவிட்டது. அடித்த வரியைத் திரும்பச் சேர்த்துத்தான். வேறு என்னதான் எழுதுவது?

மார்ச் 10, திங்கள்

புதுக் கோப்பு. ஒரு கால்நடை மருத்துவமனை. இரண்டு பெண் மருத்துவர்கள் பன்னிரண்டு வருடம் சேர்ந்து நடத்தியது, இப்போது பிரிகிறார்கள். அந்தக் கட்டடத்தில் யார் இருப்பது, அந்தப் பெயர் யாருக்கு என்பதுதான் தகராறு. வழக்கமான விஷயம்தான். லிஃப்டில் நின்றபடியே இரண்டாவது தாளைப் புரட்டினேன்.

இரண்டாம் தரப்பு – என் தங்கை.

பெயர் இருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது, கடைசி எழுத்து அப்படியே கீழே சரிந்து விழுகிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள். என் மாடி வந்து, கதவு திறந்து, மூடி, லிஃப்ட் மறுபடி கீழே போய்விட்டது. நான் இறங்கவில்லை.

வாலு. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஒன்பது வருடமாக அந்தப் பெயரை யாரையும் பார்த்து நான் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கோப்போடு ஒரு படிவம் உண்டு. வழக்கை ஏற்கும் முன் எந்த நடுவரும் நிரப்ப வேண்டியது. ‘தரப்பினருடன் நெருங்கிய உறவு: உண்டு / இல்லை.’ எத்தனை நூறு தடவை ‘இல்லை’யில் டிக் போட்டிருப்பேன். பார்க்காமலேயே கை அங்கே போகும்.

இன்றைக்கும் போட்டுவிட்டால்? மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், ஆனால் அவளும் வாயை மூடிக்கொண்டால்? மூன்று அமர்வு. மூன்று நாள் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பாள். நரைத்திருக்குமா? கண்ணாடி போட்டிருப்பாளா? கோபம் வந்தால் இன்னும் காது மடல் சிவக்குமா?

எனக்கு ஐம்பத்தாறு வயது. தங்கையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் அப்படி நான் சொல்லும் தீர்ப்பு ஒரு நாளைக்கும் நிற்காது. விஷயம் வெளியே வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அவள் இன்னும் ஒரு வருடம் அலைவாள். அவளைப் பார்க்கிற ஆசையில் அவளையே கவிழ்ப்பதா?

மார்ச் 12, புதன்

ஒன்பது வருடத்துக்கு முன் அன்றைக்கு நடந்ததை ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன்.

ஒரே ஒரு பையோடு வந்தாள். புருஷனோடு இனி இருக்க முடியாது என்றாள். சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனாள். நான் என்ன செய்தேன்? நோட்டை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் அவள் சொன்னது. அன்று சாயங்காலமே அவள் புருஷனை ஃபோனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேட்டேன். வலது பக்கமும் நிரம்பியது.

“அவர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்குடி” என்றேன்.

கத்தவில்லை. நோட்டைப் பார்த்தாள். “எனக்கு நடுவர் வேண்டாம். அக்கா வேணும்னுதான் வந்தேன்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். விவாகரத்து ஆனது மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தது.

எத்தனை கடிதம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் ‘இருவர் மனமும் புண்பட்டது’ என்றே ஆரம்பிக்கும். அவள் மனம்தான் புண்பட்டது. என்னுடையதை நானே கெடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மையத்தின் செயலரிடம் மட்டும் சொன்னேன். நல்ல மனிதர், பதறிப்போனார். “இதுக்கு ஏன் மேடம் கவலை? வேலை அதிகம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கோப்பு அடுத்தவருக்குப் போயிடும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.”

“படிவத்தை நிரப்பினா?”

“அதோட நகல் ரெண்டு தரப்புக்கும் போகும். ஆட்சேபனை உண்டா இல்லையான்னு ஏழு நாள்ல பதில் தரணும். எதுக்கு வம்பு?”

இரண்டு தரப்புக்கும் போகும். அவள் கைக்குப் போகும்.

மார்ச் 14, வெள்ளி

அந்த ஒரு வரியை இன்னும் எழுதவில்லை.

மார்ச் 17, திங்கள்

நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நகலிலிருந்து இங்கே எழுதி வைக்கிறேன்:

‘உறவு: உண்டு. இரண்டாம் தரப்பு என் உடன்பிறந்த தங்கை. ஒன்பது ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் நான். அவர் என்னை நம்பி வந்த அன்று, அக்காவாக இல்லாமல் நடுவராக நடந்துகொண்டேன். அது தவறு. இந்த வழக்கில் என்னால் நடுநிலையாக இருக்க இயலாது. ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே நான் அவர் பக்கம்.’

செயலர் இரண்டு முறை படித்தார். “இவ்வளவு தேவையா மேடம்? ‘இயலாது’ன்னா போதாதா?”

“போதாது.”

மார்ச் 19, புதன்

என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்? அவளோட வக்கீல் படிப்பார். அந்தக் கூட்டாளி படிப்பா. அவ வீட்டு விஷயத்தை ஆபீஸ் தாள்ல எழுதி, சீல் வெச்சு – அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? அன்னைக்கும் கேக்கலை, இன்னைக்கும் கேக்கலை. புத்தி எங்க போச்சு எனக்கு?

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்தார்.

மார்ச் 24, திங்கள்

பதில்கள் வந்துவிட்டன. முதல் தரப்பு: ஆட்சேபனை உண்டு. பின்னே, இருக்காதா? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் தரப்பு? செயலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க தங்கச்சி ஆட்சேபனை இல்லைன்னு போட்டிருக்காங்க. அவங்க வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், கேக்கலையாம். எப்படியும் உங்களை மாத்திடுவாங்க, இதுல என்ன லாபம்னாராம்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘இல்லை’யில் டிக். பேனாவை அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி போட்டிருந்தாள். கீழே அந்தச் சரிகிற கையெழுத்து.

வழக்கு வேறொருவருக்குப் போய்விட்டது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. “ஞாயிறு வீட்ல இருப்பியா?”

“இருப்பேன்” என்று ஒரு சொல் அனுப்ப இருபது நிமிடம் ஆயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தாள். நரைத்திருக்கிறது. கண்ணாடியும் போட்டிருக்கிறாள். வாசலில் நின்று, “உள்ள வரலாமா, இல்ல நோட்டீஸ் குடுத்துட்டு வரணுமா?” என்றாள். வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார்.

டீ குடித்தோம். பிறகு மருத்துவமனைக் கதையை ஆரம்பித்தாள். சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, காது மடல் சிவக்க. அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாயை, அவள் இல்லாத நாளில் அந்தக் கூட்டாளி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டாளாம்.

“அநியாயம்டி” என்றேன்.

நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

“நான் இன்னும் முழுசா சொல்லவே இல்லையே.”

“சொல்லு. அநியாயம்தான்.”