ஒரு காலைப் படியில் வைத்து இறங்கிவிட்டேன்

யாருக்கும் தலைகுனியாத என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நானும் அம்மாவும் கடலூர் முதுநகரில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி. நான் தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய், ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிஜமாகவே நிற்கிறேன், உட்கார விடமாட்டார்கள்.

போன வாரம் இடுப்பு விட்டுப்போய், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அப்போதுதான் உள்ளே வந்த ஒரு குடும்பத்தின் முன்னாலேயே கத்தினார். "உக்கார்றதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? முடியலன்னா வூட்லயே கெடக்க வேண்டியதுதானே?"

உங்கள் ஞாபகம்தான் வந்தது. லாரி முதலாளி மரியாதையில்லாமல் பேசினார் என்று, நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடோடு வண்டியை நிறுத்திச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தீர்களே. "எனக்கு எதுவும் வேணாம்மா. ஒண்ணும் வேணாங்கறவன எவன் அதட்ட முடியும்?" என்று சிரித்தீர்கள். உலகத்திலேயே சுதந்திரமான மனுஷன் என் அப்பாதான் என்று நினைத்தேன்.

நானும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கல்லாவில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? கடலூர் பஸ் புறப்பட நின்றது. "ஏறும்மா, சீக்கிரம்" என்றார் கண்டக்டர். ஒரு காலைப் படியில் வைத்தேன். அப்போதுதான் வாஷிங் மெஷின் நினைவுக்கு வந்தது.

தீபாவளிக்குத் தவணையில் வாங்கினேன், அப்பா. முதல் நாள் அம்மா அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "நா சும்மா உக்காந்துருக்கேன், துணி தொவையுது பாரேன்" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "உங்கப்பாவுக்கு எதுவும் வேணாம்தான். ஆனா வெள்ள சட்ட வேணும். அத நாந்தான தொவச்சேன்."

நீங்கள் வேலையை விட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவள் இன்னொரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் அப்படிச் சிரிக்க முடிந்ததா? கோபத்தில் கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன்.

படியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. கடைக்குத் திரும்பி சூப்பர்வைசரிடம் "சாரி சார்" என்றேன். அவர் போனைப் பார்த்தபடியே, "கார்ட மாட்டிக்கினு போ. ஞாயித்துக்கெழமையும் வந்துடு" என்றார். மாட்டிக்கொண்டேன். கலைந்து கிடந்த சேலைகளை மடித்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பக்கத்து வூட்ல ஃப்ரிட்ஜ் வாங்கிட்டாங்கடி. நமக்கும் ஒண்ணு இருந்தா மாவு புளிக்காதுல்ல?" கேட்கும்போதே வெட்கப்பட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? இன்னொரு தவணையில் வாங்கினால் அந்தக் கடையை விட்டு எப்போது நான் வெளியே வருவேன்?

சரி என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்குள் வந்துவிடும். அம்மா இருக்கும்வரை யாரையும் எதிர்த்துப் பேச மாட்டேன், அப்பா. இது சத்தியம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

உங்கள் சாயல் என்று ஊரே சொன்ன மகள்,
செல்வி