முதல் வாய்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பூரண நலத்துடன் இருக்கிறான். நான் சொல்லவில்லை, அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு தள்ளுபடி.

மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நீ தைத்து அனுப்பிய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, முகம் மழித்து, பத்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ஃபைலிலிருந்து நிமிராமலே, "எப்படி இருக்கீங்க?" என்றார். யாராவது அப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா நம்மைப் பழக்கியிருக்கிறாளே. "நல்லா இருக்கேன் சார், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன். அதோடு என் சோலி முடிந்தது. அறிக்கையைப் பார்: சுத்தமான உடை, தெளிவான பேச்சு, மரியாதையான நடத்தை, துணையின்றி வந்தார். பெண் கொடுப்பவர்கள் கையில் கொடுக்க வேண்டிய தாள் அது.

அந்த அரை மணி நேரத்துக்காக மூன்று நாள் தயாரானேன். வந்தபின் நாலு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அதை யார் பார்த்தார்கள்? பைண்டிங் கடை முதலாளி நல்லவர்தான், ஆனால் மாதத்தில் எட்டு நாள் வருபவனை எத்தனை காலம் வைத்துக்கொள்வார்? இந்தத் தொகை வராவிட்டால் ரூம் போய்விடும். ரூம் போனால் மறுபடி காப்பகம். பூட்டிய கதவுக்குள் இனி நான் போக மாட்டேன் அக்கா.

மேல்முறையீடு செய்யப் போகிறேன், ஜெயிக்கவும் போகிறேன். என்னோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டும், ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் மிச்சம் நீதான். போனிலேயே கேட்டிருப்பேன். போனில் உன் குரலோடு மற்றக் குரல்களும் சேர்ந்துகொள்கின்றன. காகிதத்தில் நீ மட்டும் இருக்கிறாய்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

சட்டை அனுப்பியதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். கழுத்தளவு சரியாக இருந்ததா? அதையாவது எழுதியிருக்கலாம்.

கேட்டபடி எழுதி இணைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து மட்டும் கடை வைத்திருக்கும் என் தோழியிடம் வாங்கினேன். கோபித்துக்கொள்ளாதே. நீ தூர ஊரில் பெரிய அச்சகத்தில் வேலை செய்கிறாய், லீவு கிடைப்பதில்லை என்று என் கல்யாணத்தன்று அப்பா சொன்ன பொய், பதினைந்து வருடமாக இந்த வீட்டில் குடியிருக்கிறது. போன வாரம்கூட மாமியார் கேட்டார்: "உன் தம்பியோட முதலாளி மனுஷனா, கல்லா?"

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். என்மேல் இருப்பது பழைய புகார் ஒன்றுதான். யாருக்குப் பரிமாறினாலும் தட்டில் முதல் வாயை நான் எடுத்துத் தின்றுவிடுகிறேனாம். மாமியார் எனக்கு 'முதல் வாய்' என்றே பெயர் வைத்துவிட்டார். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைத் திருப்பி அனுப்புகிறேன். 'அவ்வப்போது சோர்வாக இருப்பார், ஆனால் மிகவும் அன்பானவர்.' ஜலதோஷக்காரனுக்குக்கூட இதைவிடக் கடுமையாக எழுதுவார்கள். இதைக் கொடுத்தால் எனக்குப் பதவி உயர்வுதான் தருவார்கள்.

எனக்கு இருப்பது மனச்சிதைவு. அந்தச் சொல்லை எழுத உன் பேனா ஏன் கூசுகிறது? எனக்கே கூசவில்லை.

தட்டைப் பற்றி எழுது. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று நான் வாயைத் திறக்காமல் கிடந்தது உனக்கு மறந்திருக்காது. நீ என் எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்து முதல் வாய் எடுத்து விழுங்குவாய். நான் நூறு வரை எண்ணுவேன். நீ சாகிறாயா என்று பார்த்துக்கொண்டிருப்பேன், அக்கா. நூறு வந்ததும்தான் சாப்பிடுவேன். சில நாள் எண்ணிக்கை தப்பிவிடும். நீ மறுபடி ஒரு வாய் சாப்பிடுவாய்.

இதை நான் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். நீதான் எழுத வேண்டும். உறவில்லாத தோழியின் கையெழுத்து செல்லாது, உன் வீட்டார்தான் போட வேண்டுமாம். என் மானம் போகுமே என்று கவலைப்படாதே. அது எனக்குச் சோறு போடவில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

ஐந்து பக்கம் எழுதிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. பதினாலு மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒன்றும் விடவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் நீ தனியாக இருக்கும்போது படி. என் கல்யாணம் முடிந்த வாரமே உன்னைக் காப்பகத்தில் விட்டார்கள். சாப்பிட்டுக் காட்ட ஆள் இல்லாததால்தான் நீ அங்கே போனாய் என்று நான் நம்புகிறேன். மாலையும் கழுத்துமாக நின்றபோது, இன்றைக்கு இவன் என்ன சாப்பிட்டிருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் மாமாவிடம் தாள்களை நீட்டி, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். "பதினஞ்சு வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை. பேனாவைத் தேடி எடுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

மாமியாரும் தாள்களை வாங்கிப் படித்தார். சாப்பிடும்போது தன் தட்டை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்கோம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு லீவு கிடைக்காட்டி என்ன, நாம போயிட்டு வருவோம்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்தாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு உதவித்தொகை. அதற்குப் பிறகு நான் இன்னும் நோயாளிதானா என்று பார்ப்பார்களாம். பார்க்கட்டும், நகல் பத்திரமாக இருக்கிறது.

நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நோயாளி என்றால் கசங்கித்தான் வர வேண்டுமா? கழுத்தளவு கச்சிதம். இந்த முறை ஒரு டாக்டரம்மா. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "எந்த நாளைக் கேக்கறீங்க டாக்டர்?" என்றேன். உன் ஐந்து பக்கத்தைக் கையில் வைத்திருந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மோசமான நாளைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

கடைசிப் பக்கத்தைப் படித்தேன். காப்பகத்தில் முதல் வாரம் நான் பட்டினி கிடந்தது உண்மை. அதற்குக் காரணம் நோய், உன் கல்யாணம் இல்லை. இதை அழுத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீயும் ஒரு நகல் வைத்துக்கொள்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் வாருங்கள். ரூமில் நாற்காலி ஒன்றுதான், அது உன் மாமியாருக்கு. மாமாவும் நீயும் கட்டிலில் உட்காரலாம். அன்று மோசமான நாளாக இருந்தால் பேச மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவை. எப்படி இருந்தாலும் சமையல் என்னுடையது.

உன் தட்டில் முதல் வாய் நான் எடுப்பேன். நீ எண்ணாமல் சாப்பிடு.

உன் தம்பி